பண்டிகை கழியட்டும்!



நம் வீடுகளில் ஒரு சொற்றொடர் வழங்குகிறது. "பண்டிகை கழியட்டும்" என்பது அது. கூரை ஒழுகினாலும், கடன்காரர் வாசலில் நின்றாலும், பல் வலித்தாலும், எல்லாவற்றுக்கும் நம் பெரியவர்கள் கையில் வைத்திருக்கும் ஒரே மருந்து அதுதான். பல்லைப் பற்றிக் கவலை இல்லை. பொறுக்க முடியாத நாளில் அதுவே கத்தி நினைவூட்டிவிடும். கண்புரை அப்படியா? அது வலிக்காது, சிவக்காது, உறுத்தாது. பனிக்காலத்து விடியலில் வயலின்மேல் மூட்டம் இறங்குவதைப்போல, யாருக்கும் தெரியாமல் இறங்கும். உடையவருக்கே தெரியாது என்றால், இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் தில்லி விடுதியில் தூங்கிக்கொண்டிருக்கும் பேரனுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பேரன் நான்தான். ஆகவே இக்கட்டுரையில் யாரையேனும் குறை கூறினால், அதில் முதற்பங்கு எனக்கு உரியது என்று முன்னரே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பாளையங்கோட்டைக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூர். கிறிஸ்துமஸ் என்றால் அங்கே டிசம்பர் 25 மட்டும் அன்று. மாதம் பிறந்ததும் அடுப்பு மூட்டினால், அது புத்தாண்டு வரை அணைவதில்லை. முறுக்கு, அதிரசம், அச்சுமுறுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக முந்திரிக்கொத்து. பாசிப்பயற்றை வறுத்துத் திரித்து, தேங்காயும் எள்ளும் சேர்த்து, வெல்லப்பாகில் உருட்டி, மாவில் தோய்த்துப் பொரிப்பது. பாகின் பதம் ஒரு கணம் தவறினாலும் உருண்டை கல்லாகும், அல்லது உதிர்ந்துபோகும். அந்தப் பதம் எங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும்: ஆச்சிக்கு. வயது எழுபத்து நான்கு.

சென்ற ஆண்டு அக்டோபரில் கண் மருத்துவர் ஆச்சியின் இரு கண்களிலும் புரை என்றார். வலக்கண்ணை முதலில் செய்துவிடலாம், நவம்பர் 24-இல் வாருங்கள் என்று நாளும் குறித்தார். அன்றிரவே தொலைபேசியில் குடும்ப அவை கூடிற்று. சென்னையிலிருந்து அத்தை, கோவையிலிருந்து சித்தப்பா, தில்லியிலிருந்து நான். தீர்ப்பு ஒருமனதாக வந்தது: பண்டிகை கழியட்டும்! அத்தை சொன்ன காரணம், "வீடு நிறைய ஆள் இருக்கும்போது எப்படி ஓய்வெடுப்பாங்க?" என்பது. சித்தப்பா சொன்ன காரணம், "மழைக்காலம், ஈரம் ஆகாது" என்பது. நான் சொன்ன காரணம் எனக்குத் தேர்வு என்பது. ஆச்சியும் ஒத்துக்கொண்டார். "புரைதானய்யா, முத்தட்டும், என்ன அவசரம்?"

நண்பர்களே, இந்நான்கு காரணங்களில் ஒன்றுகூட உண்மைக் காரணம் அன்று. உண்மைக் காரணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆச்சிக்கு ஓய்வு கொடுத்துவிட்டால் முந்திரிக்கொத்து யார் செய்வது? கண் அறுவையைப் பண்டிகைக்கு அப்பால் தள்ளியது கண்ணின் நலம் கருதி அன்று, அடுப்பின் நலம் கருதியே. பண்டிகைக்கு ஆச்சியின் கை வேண்டியிருந்தது, கண் வேண்டியிருக்கவில்லை.

இதை நான் அன்றே உணர்ந்துவிட்டதாகப் பெருமை கொள்ள மாட்டேன். இரண்டு நாள் கழித்து, விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நிற்கும்போது, முந்திய ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவு நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் அன்றிரவு குடும்ப ஜெபத்தில் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை ஆச்சிதான் வாசிப்பார். அந்த ஆண்டும் வாசித்தார். தடங்கல் இல்லை, பிழை இல்லை. நான் அருகில் உட்கார்ந்திருந்தேன். அவர் மடியில் விரிந்திருந்த பக்கம் லூக்கா அன்று, அப்போஸ்தலர் நடபடிகள். நான் அதைக் கண்டேன். கண்டும், வயதானவர்களின் விளையாட்டு என்று எனக்குள் சிரித்துவிட்டு முறுக்குத் தட்டை நோக்கி எழுந்து போனேன். அவருக்கு எழுத்துத் தெரியவில்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை. பொருளியலில் முதுகலை படிக்கும் மண்டை!

"முத்தட்டும்" என்ற சொல்லைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அது முழுப் பொய் அன்று. காலம் கடந்துவிட்ட உண்மை. கண்மணிக்குப் பின்னே ஒரு சிறு வில்லை இருக்கிறது. அது கண்ணாடிபோலத் தெளிவாய் இருக்கும்வரை ஒளி தடையின்றி உட்புகும். அது கலங்குவதே புரை. கலங்கிய வில்லையை ஊசியால் தள்ளி அகற்றும் முறை சுசுருதர் நூலிலேயே கூறப்பட்டிருக்கிறது. வில்லையைக் கண்ணைவிட்டே வெளியே எடுக்கும் முறையைப் பிரான்சு நாட்டு டாவியேல் 18-ஆம் நூற்றாண்டின் இடையில் செய்துகாட்டினார். எடுத்த பிறகு அந்த இடம் வெறுமையாய்க் கிடக்கும். அக்குறையை ஈடு செய்யத்தான் நம் முன்னோர் சோடாப் புட்டியின் அடியைப்போன்ற தடித்த கண்ணாடியை மூக்கின்மேல் சுமந்தார்கள். அறுவை முடிந்தபின், தலை அசையாதிருக்க இருபுறமும் மணல் மூட்டை வைத்து நாட்கணக்கில் மல்லாத்தியே கிடத்தினார்கள். அவ்வளவு துன்பத்துக்குப் பின்னும் கிடைத்த பார்வை அரைகுறை. அப்படியிருக்க, பார்வை முற்றும் மறையும்வரை பொறுப்போம் என்று அக்காலத்தார் எண்ணியதில் அறிவு இருந்தது.

அந்தக் காலம் எப்போதோ போயிற்று. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்களில் விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் தெறித்துப் புகுந்தும், கண் அவற்றைப் பகையாகக் கருதிச் சீறவில்லை என்பதை ஹரால்டு ரிட்லி என்ற ஆங்கில மருத்துவர் கவனித்தார். அப்பொருளாலேயே வில்லை செய்து, 1949 நவம்பர் 29-இல் இலண்டனில் ஒருவர் கண்ணுக்குள் வைத்தார். உடன் தொழில் செய்தவர்களே அவரைப் பல ஆண்டுகள் ஏசினார்கள் என்பது வேறு கதை. 1967-இல் அமெரிக்காவின் சார்லசு கெல்மன், கேளா ஒலியால் புரையைத் தூளாக்கி உறிஞ்சும் வழியைக் கண்டார். பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோது அவருக்கு அந்த எண்ணம் உதித்ததாம். நமக்கு அந்த நாற்காலியில் அச்சத்தைத் தவிர வேறொன்றும் உதிப்பதில்லை!

இன்று மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த வெட்டு. பெரும்பாலும் தையலே இல்லை. கால் மணி, அரை மணி நேரத்தில் முடிந்து, அன்றே வீடு திரும்பலாம். புரை முற்ற முற்றக் கடினமாகும்; அறுவையும் அதனோடு கடினமாகும். அளவு மீறி முற்றினால் கண்ணின் அழுத்தம் உயர்ந்து, நரம்பையே கெடுத்துவிடுவதும் உண்டு. ஆகவே "முத்தட்டும்" என்பது இன்று வாழைத்தாருக்குப் பொருந்தும், கண்ணுக்குப் பொருந்தாது. மழைக்காலம், வெயில்காலம் என்ற கணக்கும் அப்படியே. தைக்குப் பொங்கல், பங்குனிக்குத் தேர்வு, சித்திரைக்கு வெயில் என்று எண்ணிக்கொண்டே போனால், கண்ணுக்கு உகந்த மாதம் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடைக்காது.

செலவு என்ற தடையும் நம் நாட்டில் பெரிதும் தகர்ந்துவிட்டது. பணி ஓய்வுக்குப் பின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் டாக்டர் கோ. வெங்கடசாமி. மூட்டு நோயால் விரல்கள் கோணிப்போன கைகளோடு பல்லாயிரம் கண்களுக்கு அறுவை செய்தவர் அவர். பணம் கொடுப்போரின் வருவாயால் கொடுக்க இயலாதோருக்கும் பார்வை கிடைக்கும்படி செய்தார். 1992 முதல் கண்ணுக்குள் வைக்கும் வில்லைகளை மதுரையிலேயே குறைந்த விலையில் செய்யத் தொடங்கினார்கள். இத்தனை இருந்தும், ஐம்பது வயது கடந்த இந்தியரிடையே பார்வை இழப்புக்குக் காரணம் எது என்று 2015 முதல் 2019 வரை நாடு முழுவதும் எடுத்த கணக்கில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கண்புரைதான் என்று தெரிந்தது. தீர்க்கக்கூடிய நோய், தீர்க்கும் ஆள் உண்டு, தீர்க்கும் இடம் உண்டு. எது இல்லை? உடன் போக ஓர் ஆள் இல்லை.

சாப்பாட்டு வரிசையிலிருந்து விலகி வந்து, வீட்டுக்கு மீண்டும் பேசினேன். என் பேச்சை அத்தை எளிதில் ஏற்கவில்லை. ஏற்காததில் நியாயமும் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. பண்டிகை வீடு நோயாளிக்கு ஏற்ற இடம் அன்று. சர்க்கரை கட்டுக்குள் வராதவர்க்கும், கண்ணிலோ உடலிலோ கிருமித் தொல்லை இருப்பவர்க்கும் மருத்துவரே தள்ளி வைக்கச் சொல்வார். அவர் சொன்னால் தள்ளித்தான் வைக்க வேண்டும். ஆனால் எங்கள் மருத்துவர் தள்ளச் சொல்லவில்லை, நாங்கள்தாம் சொன்னோம். கடைசியில் அம்மாதான் வழக்கை முடித்தார். "முந்திரிக்கொத்தைக் கடையில வாங்கிக்கலாம். கண்ணைக் கடையில வாங்க முடியாது." அதற்குமேல் யாரும் பேசவில்லை.

நவம்பர் 23 காலை வீட்டில் இருந்தேன். அதற்குப் பட்ட பாடு தனிக்கதை. கல்வி நிலையத்தில் விடுப்பு கேட்டேன். மாணவனுக்கு நோய் என்றால் அதற்கொரு படிவம் உண்டு. வீட்டில் இறப்பு என்றால் அதற்கும் ஒன்று உண்டு. வீட்டில் ஒருவர் பிழைத்துக் கண் பெறப்போகிறார் என்பதற்குப் படிவமே இல்லை! ஆச்சி இறந்திருந்தால் எளிதில் கிடைத்திருக்கும் எட்டு நாளை, அவர் உயிரோடிருப்பதால் வருகைக் கணக்கில் இழந்தேன். இதைப் பற்றி நம் சங்கம் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும் என்பது என் கருத்து. தமிழ் மாணவருக்கு மட்டும் அன்று. தொலைவிலிருந்து வந்து படிக்கும் அனைவருக்குமாகவே எழுத வேண்டும்.

அறுவை நடந்த மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆச்சி கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சுண்ணாம்பு எப்பம் அடிச்சிய?" என்றார். மூன்று ஆண்டுகளாக யாரும் அடிக்கவில்லை. கலங்கிய வில்லை பழுப்பேறி, உலகத்துக்கே ஒரு பழுப்பைப் பூசியிருந்தது. அது அகன்றதும் வெள்ளை வெள்ளையாயிற்று, நீலம் நீலமாயிற்று. எல்லாரும் சிரித்தோம். அடுத்து அவர் அடுக்களைக்குள் போனார். அங்கே சிரிப்பு நின்றது. சட்டியின் அடியில் அப்பியிருந்த கரி, தேய்த்தும் போகாத எண்ணெய்ப் பிசுக்கு, அலமாரி மூலையின் ஒட்டடை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "இதுலயா உங்களுக்குச் சோறு போட்டேன்? ஒருத்தரும் சொல்லலியே" என்றார். நாங்கள் அனைவரும் அதைக் கண்டிருந்தோம். எனக்கு எளிய விடை ஒன்றும் வாயில் வரவில்லை.

அந்த எட்டு நாளில் நான் கற்றுக்கொண்டது சொட்டு மருந்து விடுவதை. எளிது என்று எண்ணாதீர்கள். சோப்பிட்டுக் கை கழுவவேண்டும். கீழ் இமையை மெல்ல இழுத்து, புட்டியின் முனை எங்கும் படாமல் ஒரு சொட்டு விடவேண்டும். இரண்டு மருந்து என்றால் இடையில் ஐந்து நிமிடம் விடவேண்டும். இல்லையேல் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஒன்று கிருமியைத் தடுக்க. மற்றொன்று கண்ணின் வீக்கத்தைத் தணிக்க. அந்த இரண்டாவதை முதல் வாரம் நாளுக்கு ஆறு முறை, அடுத்த வாரம் ஐந்து, பிறகு நான்கு என்று குறைத்துக்கொண்டே வந்து ஆறு வாரம் விடச் சொன்னார்கள். அம்மா அதைச் சுவரில் தொங்கும் சபை நாட்காட்டியில் கோடு கோடாகக் குறித்துவைத்தார். நான் அக்கோடுகளை எண்ணிப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் 31-ஆம் நாளில் வந்தது, ஐந்தாம் வாரம், நாளுக்கு இரண்டு முறை. கடைசிக் கோடு ஜனவரி 5-இல் விழுந்தது.

அதாவது, "கிறிஸ்துமஸுக்குள் சரியாகிவிடும்" என்று நாம் சொல்வதில் பாதிதான் உண்மை. கண் மறுநாளே பார்க்கத் தொடங்கிவிடும். ஆறுவது வேறு, அதற்கு அதன் காலம் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான் எங்கள் வீட்டில் வினை வந்தது. நான் தில்லி திரும்பித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். டிசம்பர் 11-ஆம் நாள். "ஆச்சிக்குத்தான் நல்லாத் தெரியுதே, பாகை மட்டும் வந்து பாருங்க" என்று யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. யாராய் இருந்தாலும் அன்பாகத்தான் கூப்பிட்டிருப்பார்கள். பாகு பார்க்க வந்தவர் பொரிக்கவும் உட்கார்ந்தார். விறகடுப்புப் புகை, காயும் எண்ணெய், பறக்கும் மாவு. கையால் கண்ணைத் துடைத்தும் விட்டார். மாலைக்குள் கண் சிவந்து நீர் கொட்டிற்று. அம்மா அந்த நேரமே ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோனார். கிருமி இல்லை, புகையின் உறுத்தல்தான் என்று சொல்லி, நன்றாக ஏசியும் அனுப்பினார்கள். தப்பித்தோம். வலி, சிவப்பு, சீழ், பார்வை மங்கல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் ஒரு நாள்கூடக் காத்திராமல் ஓடவேண்டும் என்பதை அம்மா அறிந்திருந்ததால் தப்பித்தோம். அரிதாக வந்தாலும், உட்கண்ணில் கிருமி புகுந்தால் வந்த பார்வை ஒன்றிரண்டு நாளில் திரும்பிப் போய்விடும்.

எனக்குத் தேர்வைவிட அந்த இரவு கடினமாய் இருந்தது. "கிறிஸ்துமஸுக்குள் செய்துவிடுங்கள்" என்று அடம்பிடித்தவன் நான்தானே! ஏன் அடம்பிடித்தேன்? ஆச்சி கிறிஸ்துமஸைப் பார்க்கவேண்டும் என்பதற்காக. ஆனால் வீட்டிலுள்ளோர் அதை, ஆச்சி கிறிஸ்துமஸைச் செய்யவேண்டும் என்று வாங்கிக்கொண்டார்கள். இதில்தான் நம்மைப் போன்ற தொலைவிடத்துப் பிள்ளைகளின் குற்றம் இருக்கிறது. தொலைபேசியில் நாள் குறிக்க நமக்குத் தெரிகிறது. சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைக்க நாம் அங்கே இல்லை. இந்நிலையில் மகன் சொன்ன நாளும் மருத்துவர் சொன்ன ஓய்வும் மருமகளின் தலையில் போய் விழுகின்றன. அம்மா அந்த மாதம் முழுவதும் நாளுக்கு எத்தனை முறை கை கழுவியிருப்பார் என்று யாரும் கணக்கு எழுதவில்லை.

டிசம்பர் 17-இல் ஊர் போய்ச் சேர்ந்தேன். கரண்டியை நானே கையில் எடுத்தேன். ஆச்சியை அடுக்களைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அங்கிருந்தே பதம் சொல்லச் சொன்னோம். பாகைத் தண்ணீரில் சொட்டிக் கொண்டுபோய்க் காட்டினால், விரலால் உருட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு கொதி" என்பார். அத்தை மகனும் நானும் உருட்டிய முந்திரிக்கொத்தில் பாதி எண்ணெயிலேயே உதிர்ந்தது. மீதியை ஊரார் மரியாதைக்காகத் தின்றார்கள். சிறுவர்களின் வெடியைத் தெருக்கோடிக்குத் தள்ளினோம். தலைக்குத் தண்ணீர் வார்க்கவில்லை. நனைத்துப் பிழிந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விடியற்கால ஆராதனைக்குக் கறுப்புக் கண்ணாடியோடு முதல் வரிசைக்கு அவர் நடந்துபோனபோது, "ஆச்சி சினிமாக்காரி மாதிரி இருக்கீய" என்று ஒரு பொடியன் சொன்னான். அவர் அதை ரசித்தார் என்றே எண்ணுகிறேன்.

இரவு குடும்ப ஜெபம். லூக்கா இரண்டாம் அதிகாரம். இந்த ஆண்டு கட்டாயம் வாசித்துவிடுவார் என்று நான் காத்திருந்தேன். புத்தகத்தைக் கையில் வாங்கினார், தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், முடியவில்லை. வைத்த வில்லை தூரத்துக்கு அளந்து வைத்தது. எதிர் வீட்டுப் பனைமரத்தில் கட்டிய நட்சத்திரத்தின் முனைகளை எண்ணிச் சொல்ல முடிகிறது. கையிலிருக்கும் எழுத்து தெரிய வாசிப்புக் கண்ணாடி வேண்டும். அதற்குக் கண் ஆறி நிலைத்த பிறகுதான் அளவெடுப்பார்கள். இதையும் நான் முன்னமே கேட்டு அறிந்திருக்க வேண்டும், கேட்கவில்லை. ஆனால் ஆச்சி இம்முறை விரித்து வைத்துக்கொண்டு வாசிப்பதுபோல் காட்டவில்லை. "எனக்கு எழுத்துத் தெரியல, நீ வாசி" என்று என் தங்கையிடம் நீட்டிவிட்டார். தங்கை வாசித்தாள். நடுவே ஒரு வசனத்தைத் தாண்டிப் போனாள். "மேய்ப்பர் வந்துட்டுப் போனதை விட்டுட்டியே" என்று ஆச்சி நிறுத்தினார். அவள் பின்னோக்கிப் போய் மீண்டும் வாசித்தாள்.

அன்பர்களே, நம்மில் கிறிஸ்துமஸுக்கு வீடு செல்வோர் சிலர். பொங்கலுக்குச் செல்வோர் பலர். ரம்ஜானுக்குச் செல்வோரும் உண்டு. எல்லார் வீட்டிலும் ஓர் ஆச்சியோ தாத்தாவோ, "புரைதானே, பண்டிகை கழியட்டும்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர்கள் வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். எந்தப் பக்கம் விரிந்திருக்கிறது என்று பாருங்கள். நாள் குறிக்கச் சொல்வதோடு நில்லாமல், முதல் வாரத்துக்கு நீங்களே போங்கள். பண்டிகைக்கு எடுக்கும் சீட்டை அறுவைக்கு எடுத்தால் பண்டிகைக்குப் போக முடியாமற்போகலாம், செலவு இரட்டிக்கும், வருகைக் கணக்கு குறையும். எனக்குப் பின்னிரண்டும் நேர்ந்தன. எனினும் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எதைத் தேர்வேன் என்பதில் எனக்கு இப்போது ஐயம் இல்லை. கறிசோற்றுக்கு நான் இல்லாவிட்டால் இலையில் ஒரு பங்கு மிஞ்சும். சொட்டு மருந்துக்கு நான் இல்லாவிட்டால் அந்தச் சுமை வேறொருவர் தலையில் ஏறும்.

ஆச்சியின் இடக்கண்ணுக்குப் பிப்ரவரியில் நாள் குறித்திருக்கிறார்கள். அத்தை நேற்றுப் பேசினார். "லெந்து நாள் வருதே, ஈஸ்டர் கழியட்டுமே" என்றார். நிஜாமுத்தீனிலிருந்து திருக்குறள் விரைவு வண்டிக்கு நான் சீட்டு எடுத்துவிட்டேன்.